புரிஞ்சுதா டீச்சரும் மூன்றாம் வரிசைப் பெண்ணும்

ஏப்ரல் 19: பழைய டென்னிஸ் பந்து, ஒரு சாக்கு. 150.
ஏப்ரல் 20: வெட்டுக் கத்தி, ஒன்று. 35.
மே 4: மஞ்சள், பச்சை, நீலத் தாள். 90.
மே 12: வெள்ளைத் தாள். 70.
மே 14: சட்டைப் பொத்தான், அரைக் கிலோ. இலவசம்.
ஆக மொத்தம் 345.

நான்காம் வகுப்பு டீச்சர் ஒருவர் தம் கைக்காசில் செய்த செலவு இது. வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். முதல் இரண்டு வரி மட்டும் எழுதியிருந்த நாளில், பஸ் ஓட்டிவிட்டு வந்த அவருடைய கணவர் தண்ணீர் எடுக்கப் போய் அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்.

"பந்து ஒரு சாக்கு. கத்தி ஒண்ணு. ஏம்மா, நீ பாடம் நடத்தப் போறியா, ஆள் கடத்தப் போறியா?"

"ரெண்டும் இல்லைங்க. நாற்காலிக்குச் செருப்பு மாட்டப் போறேன். கையக் கழுவிட்டு வந்து கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

அவர் பிடித்துக்கொள்ள, இவர் ஒவ்வொரு பந்திலும் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். அந்த ஞாயிறு மதியம் முழுக்க இதே வேலை. ஏன் இந்த வேலை என்று சொல்ல, பள்ளி ஆண்டு தொடங்கிய ஜனவரிக்குப் போக வேண்டும்.

அந்தப் பள்ளியில் டீச்சருக்கு இருபத்தொரு வருட சர்வீஸ். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'புரிஞ்சுதா டீச்சர்'. ஒரு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நாலு தடவையாவது "புரிஞ்சுதா?" என்று கேட்பார். கேட்பது முப்பத்தொரு பேரையும். பார்ப்பது ஒரே ஒரு முகத்தை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவர் கணக்கு. ஆண்டின் முதல் வாரத்திலேயே அந்த ஒரு சோற்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார். ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளையாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப மந்தமாகவும் இருக்கக் கூடாது. நடுவில் உட்கார்ந்து, கண்ணை அசைக்காமல் கவனிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை தலையாட்டினால் பானையை இறக்கிவிடலாம்.

அந்த ஆண்டு அவருக்கு வாய்த்தவள் மூன்றாம் வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்த பெண். வீட்டில் அவளைச் சிட்டு என்பார்கள். வகுப்பில் 'தலையாட்டி' என்பார்கள். அவளைப் போல் கவனிக்கிற பிள்ளையை டீச்சர் அதற்கு முன் கண்டதே இல்லை. டீச்சரின் வாயிலிருந்து பார்வையை எடுக்கவே மாட்டாள். "புரிஞ்சுதா?" என்றால் உடனே தலை ஆடும். டீச்சர் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைப்பார். அடுத்த கணக்கு.

ஏப்ரல் எட்டாம் தேதி முதல் பருவத் தேர்வு. விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பித் திருத்திய டீச்சருக்கு, பாதிக் கட்டு முடிவதற்குள் கை ஓடவில்லை. முப்பத்தொரு பேரில் பதினாலு பேர் தேறவில்லை. மூன்றாம் வரிசைப் பெண்ணுக்கு நூற்றுக்கு ஏழு. வெந்துவிட்டதென்று இறக்கி வைத்த பானையில் பாதி அரிசியாகவே கிடந்தது. பதம் பார்த்த சோறே வேகவில்லை.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டவரல்லர், மேலிடத்துக்குப் பயந்தவர். கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர்.

"பத்துக்குக் கீழ போனா விதி என்னன்னு உங்களுக்கே தெரியும் டீச்சர். படிப்பு ஏறாத பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற தனிப்பள்ளிக்கு மாத்தணும். வருஷக் கடைசித் தேர்வு வரைக்கும் அவகாசம் இருக்கு. அதுல நாப்பது எடுத்தா இங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

தனிப்பள்ளி ஊரின் மறுகோடியில் இருந்தது. பெண்ணின் அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். மதிய இடைவேளையில், புடவையில் ஒட்டிய வெள்ளை நூலைத் தட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தார்.

"அந்த ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும் டீச்சர். எங்க ஃபேக்டரி கேட்டைக் காலையில ஏழு மணிக்குப் பூட்டிருவாங்க. கூட்டிட்டுப் போக வீட்டுல வேற ஆள் கிடையாது. அங்க மாத்துறதும் ஒண்ணுதான், படிப்பை நிறுத்துறதும் ஒண்ணுதான்."

"வீட்டுல நல்லாப் பேசுவாளா?"

"வாய் ஓயாது. ஆனா மூஞ்சிக்கு நேரா நின்னு பேசணும். முதுகுக்குப் பின்னால கூப்பிட்டா திரும்பவே மாட்டா. திமிரு டீச்சர், அப்படியே அவங்க அப்பா!"

அம்மா போன பிறகும் அந்த வார்த்தைகள் டீச்சரின் காதிலேயே நின்றன. மறுநாள் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தபோது மெல்ல நடந்து போய்ப் பெண்ணின் முதுகுப்பக்கம் நின்றார். சாதாரணக் குரலில் கேட்டார்.

"உன் பையத் தூக்கிட்டு நான் ஓடிரவா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்துத்தான் ஏதோ நடக்கிறதென்று உணர்ந்து திரும்பினாள். டீச்சரைக் கண்டதும், வழக்கம் போல, பணிவாகத் தலையாட்டினாள்.

வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜனவரியிலிருந்து அவர் பதம் பார்த்த ஒரே சோறு, அவர் சொன்னதைக் கேட்டதே இல்லை.

பதினாறாம் தேதி காது ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது பாதி கேட்கும் என்றார் டாக்டர். காதில் மாட்டும் கருவிக்கு எழுதிக் கொடுத்தார். வரிசைப்படி அது கைக்கு வர அடுத்த ஆண்டாகும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"அப்போ மக்கு இல்லையா எம் பொண்ணு? காதுதானா? வெறும் காதுதானா டீச்சர்?"

"காதுதான். மக்கு நான்தான்."

"அட, நீங்க வேற! நான் இத்தனை வருஷமா திமிருன்னு அடிச்சிருக்கேன்."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொதுவாக ஒரு தலையாட்டு ஆட்டினாள்.

மறுநாளே அவளுக்கு இடம் மாறியது. அதுவரை அவளுடைய நல்ல காது ஜன்னல் பக்கம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெல்டிங் பட்டறை. டீச்சர் நடத்திய பின்னக் கணக்கைவிடப் பட்டறைக்காரர் இரும்பில் அடித்த அடிதான் அந்தக் காதுக்குப் போயிருக்கும். இப்போது எதிர்ப்புறச் சுவரோரம், இரண்டாவது வரிசை. கேட்காத காது சுவருக்கு, கேட்கிற காது வகுப்புக்கு.

அப்போதுதான் நாற்காலிச் சத்தம் டீச்சருக்குக் கேட்டது. இருபத்தொரு வருடமாக அவர் கவனிக்காத சத்தம். முப்பத்தொரு இரும்பு நாற்காலி சிமெண்டுத் தரையில் இழுபட்டால், நல்ல காதுக்கே பேச்சு பாதிதான் போய்ச் சேரும். ஆட்டக்காரர்கள் கழித்துப் போட்ட பந்துகளை டென்னிஸ் மைதானத்துக் காவலாளி சாக்கோடு விற்றார். கீறிய பந்தைத் திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு நாற்காலிக் காலிலும் மாட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "டீச்சர், என் நாற்காலி ஷூ போட்டிருச்சு!" என்று ஒருவன் கத்தினான். அன்று மதியம் முதல் அந்த அறை பஞ்சு வைத்த பெட்டி போல் ஆனது. யாருக்காகச் செய்ததோ அவளைவிட, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்த டீச்சருக்கே அது பெரிய நிம்மதி.

பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் ஒன்று மிச்சமிருந்தது. அதை விடுவது சாமானியமாக இல்லை. பிள்ளைகளிடமே ஒப்படைத்தார். "நான் திரும்பி நின்னு பேசினா யாராவது சொல்லணும்." சொன்னார்கள். முதல் நாளே ஒரு வால் எழுந்து, "டீச்சர், போர்டுக்கு நல்லாப் புரிஞ்சிருச்சாம். எங்களுக்கும் ஒரு தடவை சொல்லிருங்க" என்றான்.

ஒருத்திக்காக இப்படித் திரும்பி நின்று பார்க்கையில்தான் மற்ற முகங்களும் கண்ணில் பட்டன. தேறாத பதினாலு பேருக்கும் ஒரே காரணம் இல்லை. ஒருவனுக்கு உட்கார்ந்தால் மூளை ஓடாது, நின்றால் ஓடும். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு 'ரயில்' என்று பெயர். ஒருத்திக்குக் கணக்குத் தெரியும், கேள்வியை வாசிக்கத் தெரியாது. இன்னொருத்தி வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து புதிதாக வந்தவள். எண்கள் எல்லாம் தெரியும், 'மீதி' என்றால் என்னவென்று தெரியாது.

டீச்சர் உற்சாகமாகிவிட்டார். உற்சாகத்தில்தான் அந்தத் தவறைச் செய்தார். மூன்று விதமான கணக்குத் தாள் தயாரித்தார். சிரமப்படுகிறவர்களுக்கு மஞ்சள், நடுத்தரத்துக்குப் பச்சை, வேகமானவர்களுக்கு நீலம். தமக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று வண்ணம் வைத்தார். டீச்சருக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகுமா? மூன்றாம் நாள் விளையாட்டு இடைவேளையில் ஒருவன் பந்தைத் தவறவிட்டதும் கூட்டமாகக் கத்தினார்கள்:

"டேய் மஞ்சள்! பிடிக்கத் தெரியாதா மஞ்சள்!"

மாலையில் ரயில் அவர் மேசையருகே வந்து நின்றான். ஓரிடத்தில் நிற்க முடியாத பையன், அன்று ஆடாமல் நின்றான்.

"டீச்சர், நான் மஞ்சள்னு எங்க அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. வீட்டில் அன்று கணவரிடம், "புண்ணுக்கு மருந்து போடப் போய் நெத்தியில முத்திரை குத்திட்டேங்க" என்றார். மீதமிருந்த வண்ணத் தாளெல்லாம் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதப் போயிற்று.

மே பன்னிரண்டாம் தேதி வெள்ளைத் தாள் வாங்கினார். எல்லாருக்கும் ஒரே தாள். அதில் எளியதும் கடினமானதுமாக ஒன்பது கணக்கு. எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், ஐந்து முடித்தால் போதும். அறையின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு அதில் உதவிச் சாமான்களை வைத்தார். எண்ணிப் பார்க்கப் பொத்தான். தொழிற்சாலையில் ஓட்டை சரியில்லை என்று ஒதுக்கியதை, கேட்டு வாங்கிச் சிட்டுவின் அம்மா கொடுத்தது. கணக்குச் சொற்களுக்குப் படம் வரைந்த அட்டை. நின்று எழுத உயரமான ஒரு பெட்டி. யார் வேண்டுமானாலும் எழுந்து போய் எடுக்கலாம்.

முதல் நாள் ஒருவரும் எழவில்லை. அந்த மேசைக்குப் போனால் மஞ்சள் என்று எல்லாருக்கும் தெரியுமே! டீச்சர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்டது. மனசுக்குள் மட்டும், யாராவது ஒருத்தர், யாராவது ஒருத்தர் என்று அடித்துக்கொண்டது.

எழுந்து போனவன் வகுப்பின் முதல் மாணவன். அவனை எல்லாரும் 'கம்ப்யூட்டர்' என்பார்கள். ஒன்பது கணக்கையும் முடித்துவிட்டு, சும்மா உட்காரப் பிடிக்காமல், பளபளவென்றிருந்த பொத்தான்களில் ஆசைப்பட்டுப் போனான். ஒரு கைப்பிடி அள்ளி வந்து வரிசையாக அடுக்கினான்.

"டேய், உனக்கெதுக்குடா அது?" என்றான் ரயில்.

"நல்லா இருக்குடா. ஏழையும் எட்டையும் பெருக்கினா எப்படிச் சதுரமா வரப் பாக்குது பாரு. ஒரு வரிசைதான் குறையுது!"

அவ்வளவுதான். கம்ப்யூட்டரே எடுத்த பிறகு யாருக்கு வெட்கம்? மறுநாள் அந்த மேசையில் வரிசை நின்றது. டீச்சர் இதைத் திட்டமிட்டதாகத் தலைமையாசிரியர் பின்னாளில் ஒரு கூட்டத்தில் புகழ்ந்தார். திட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு பையனுக்குப் பொத்தான் பிடித்திருந்தது.

அந்த ஒரு சோற்றுப் பதத்தையும் டீச்சர் கைவிட்டார். விடைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று பலகையில் எழுதுவார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, சரியான விடையின் எண்ணைத் தாடைக்குக் கீழே விரலால் காட்ட வேண்டும். முப்பத்தொரு தாடையையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். முதல் தடவை பார்த்தபோது திக்கென்றது, அத்தனை தப்பு விரல். ஆனால் தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொண்டு திக்கென்பது மேல்.

ஒரு நாள் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். ஒருவன் பெட்டி முன் நின்று எழுதுகிறான், நாலு பேர் தரையில் பொத்தான் எண்ணுகிறார்கள், இரண்டு பேர் படத்தைக் காட்டிப் பேசுகிறார்கள்.

"என்ன டீச்சர் இது? வகுப்பா, சந்தையா?"

"சந்தைதான் சார். அவங்கவங்களுக்கு வேண்டியத அவங்கவங்க வாங்கிட்டுப் போறாங்க."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். "என் ரூமுக்கு நாலு பந்து கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் வரிசைப் பெண், இப்போது இரண்டாம் வரிசைக்காரி, மெல்ல ஏறினாள். பருவத்துக்குப் பருவம் ஏழு முப்பத்தொன்றாகி, முப்பத்தொன்று நாற்பத்தாறானது. ஆனால் ஆண்டிறுதித் தேர்வில் ஒரு சிக்கல். பத்துக் கேள்விகளை வெளியாள் ஒருவர் வாய்விட்டு வாசிப்பார். கேட்டு எழுத வேண்டும். அதற்கே நாற்பது மதிப்பெண். தாமே நேருக்கு நேர் வாசிக்க அனுமதி கேட்டு டீச்சர் கல்வி அலுவலகத்துக்கு எழுதினார். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினார். மருத்துவச் சான்று கேட்டு இரண்டாவது பதில். அனுப்பினார். கடைசியில் பாதி வரம் கிடைத்தது: பெண்ணைத் தனி அறையில் உட்கார வைக்கலாம், வாசிப்பவர் அதிகாரியாகத்தான் இருப்பார், டீச்சர் வாசலில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது.

அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி தலைமையாசிரியர் அறை. அதிகாரி வந்து உட்கார்ந்ததும் டீச்சர் முதலில் அவருடைய முகத்தைத்தான் பார்த்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் மீசை! மேலுதட்டை முழுசாக மூடி, கீழுதட்டையும் எட்டிப் பார்க்கிற மீசை. இந்தப் பிள்ளை பாதியைக் காதால் கேட்கும், பாதியை உதட்டால் படிக்கும். உதடு எங்கே?

அதிகாரி தாளைக் குனிந்து பார்த்து முதல் கேள்வியை வாசித்தார். நிமிர்ந்து, பிரியமாகத்தான் கேட்டார்:

"புரிஞ்சுதா?"

டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பெண்ணின் கழுத்து மெல்ல அசையத் தொடங்கியது. அந்தப் பழைய தலையாட்டு. யார் மனசும் நோகாமல், யாரும் திட்டாமல் இருக்க அவள் கற்று வைத்திருந்த ஒரே பாடம். தலை பாதி இறங்கியது. அங்கேயே நின்றது.

"புரியல சார்."

"என்னம்மா?"

"புரியல. உங்க மீசை மறைக்குது. குனியாம இன்னொரு தடவை சொல்றீங்களா?"

தலைமையாசிரியருக்கு இருமல் வந்தது. அதிகாரி இரண்டு விரலால் மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தாளைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, முதலிலிருந்து வாசித்தார். பத்துக் கேள்வியையும் அப்படியே வாசித்தார். கை வலித்தபோது மட்டும் கை மாற்றிக்கொண்டார்.

போகும்போது ஏதோ நீளமாகக் குறித்துக்கொண்டு போனார். என்ன குறித்தார் என்று காட்டவில்லை. "விதிக்குப் புறம்பா இன்னொரு தடவை வாசிச்சேன்னு எழுதியிருப்பாரோ?" என்று டீச்சர் கணவரிடம் கேட்டார். மறுநாளும் கேட்டார். ஒரு வாரம் கழித்தும் கேட்டார்.

"மீசையப் பிடிச்சுக்கிட்டு வாசிச்ச மனுஷன் அப்படியெல்லாம் எழுத மாட்டான்மா. படு."

கடிதம் வந்த அன்று தலைமையாசிரியர் எழுந்து நின்றுதான் பிரித்தார். ஒருமுறை மனசுக்குள் படித்தார். பிறகு டீச்சரை நோக்கி நிமிர்ந்து, முகத்தை மறைக்காமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மொத்தம் ஐம்பத்தெட்டு. இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி. தனிப்பள்ளி மாற்றம் ரத்து. அடியில் ஒரு வரி: இனி வாசிப்பவர்கள் எல்லா மாணவர்களையும் பார்த்து, நிமிர்ந்தே வாசிக்க வேண்டும்.

டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதுவும் சத்தம் போடவில்லை.

மாலையில் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். அம்மா வெளியே வந்து டீச்சரைக் கண்டதும் பயந்துவிட்டார். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. சிட்டுவைப் பெற்றவருக்கு முகத்தைப் படிக்கத் தெரியாதா? கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, தோளைத் தளர்த்தி, நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஏப்ரலிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு.

"லெட்டர் எப்ப டீச்சர் வந்துச்சு?"

"இன்னைக்குக் காலையில."

"இன்னைக்குத் தேதி என்ன? வேலையில தேதியே மறந்துபோகுது. வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு வைக்கணும்."

"நவம்பர் இருபத்தேழு."